மஞ்சள் போட்ட மூங்கில் ஸ்ட்ரா

வேலை போன மனிதன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் வரை குடும்பத்துக்கு ஆபத்தில்லை. அவனுக்கு யோசனைகள் வரத் தொடங்கினால்தான் மற்றவர்கள் உஷாராக வேண்டும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். அந்த மனிதன் நான்தான். எனக்கு வந்த யோசனை மூங்கில் ஸ்ட்ரா.

கோலாலம்பூரில் ஒரு காப்பிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். (படித்தது ஓட்டல் நிர்வாகம். அங்கே நான் நிர்வகித்தது கோப்பை கழுவும் தொட்டியை.) கடைக்கு வருகிற இளசுகள் பூமியைக் காப்பாற்றுவதற்காகச் சொந்த டம்ளரோடு வருவார்கள். எங்கள் வீட்டு டம்ளர் எவர்சில்வரில் ஒரு சாண் உயரம்கூட இருக்காது. அவர்கள் கொண்டு வருவது மூடியும் கைப்பிடியும் வைத்த ஒரு குட்டிக் குடம். மூடியில் ஓர் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைக்கென்று ஒரு ஸ்ட்ரா இருக்கும். குடத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டு ஸ்ட்ராவை மட்டும் எங்கேயாவது தொலைத்துவிட்டு நிற்பார்கள். நான் கடையின் காகித ஸ்ட்ராவை எடுத்துக் கொடுப்பேன். பாதி குடிப்பதற்குள் அது ஊறிக் கூழாகிவிடும். என்னவோ நான் மென்று கொடுத்த மாதிரி என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள்.

அந்தப் பார்வையை வாங்கி வாங்கித்தான் யோசனை பிறந்தது. தொலைந்த ஸ்ட்ராவுக்குப் பதிலாக, பிளாஸ்டிக்காகவும் இல்லாத, கூழாகவும் ஆகாத ஒரு ஸ்ட்ரா செய்து விற்றால் என்ன? நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் ஓடைக்கரை நெடுக மெல்லிய மூங்கில் புதர் புதராக நிற்பது ஞாபகத்துக்கு வந்தது. யோசனை முற்றுவதற்குள் காப்பிக் கடையை மூடிவிட்டார்கள். துணிப் பையோடும், முதலாளி நினைவுப் பரிசாகக் கொடுத்த ஒரு டம்ளரோடும் கேமரன் மலைக்குப் பஸ் ஏறினேன். (அந்த டம்ளருக்கும் ஸ்ட்ரா இல்லை.)

வீட்டுக்கு வந்தால் அங்கே என்னுடையதைவிடப் பெரிய துக்கம் காத்திருந்தது. அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். பறித்த கொழுந்தை மலைச்சரிவுகளிலிருந்து ஏற்றிக்கொண்டு போய்த் தொழிற்சாலையில் இறக்குவது அவர் வேலை. அவருக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. நாங்கள் இருந்தது தோட்டத்துக்குச் சொந்தமான, வரிசையாகக் கட்டிய லயத்து வீடு. தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் ஒருவராவது இருந்தால்தான் வீடு உண்டு. அம்மா முழங்கால் தேய்ந்து எப்போதோ வேலையை விட்டுவிட்டார். நான் ஒரே பிள்ளை. இயந்திரமும் ஒப்பந்தத்தில் வந்த நேப்பாளத்து ஆட்களும் போதும் என்று தோட்டத்தில் உள்ளூர் ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். தீபாவளி கழிந்ததும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆபீஸ் கணக்குப்பிள்ளையான கிராணியே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாராம். கிராணி அப்பாவோடு தோட்டப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். அன்றைக்கு அவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை என்று அம்மா சொன்னார்.

அப்பா பிறந்ததே அந்த வீட்டில்தான். அதைவிட முக்கியம், அடுப்படித் தரை அவர் போட்டது. வேலை முடிந்து வந்து, தன் கையாலேயே சிமெந்து குழைத்து, தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கிய தரை. அதில் யாரும் செருப்போடு நடக்க முடியாது. தேங்காய் உடைக்க முடியாது. சின்ன வயதில் நான் அதில் வழுக்கி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டபோது அப்பா முதலில் குனிந்து பார்த்தது தரையைத்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். கிராணி வந்து போன பிறகு அப்பா பேச்சைக் குறைத்துவிட்டார். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து தரையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருப்பார்.

இந்த இடத்தில்தான் குடும்பத்தைக் காப்பாற்ற நான் கிளம்பினேன்.

நேரே துரையைப் போய்ப் பார்த்தேன். துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஈப்போவில் பிறந்த தமிழர், மேனேஜர். (அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் எங்கள் ஆட்களுக்குத் துரைதான்.) மழையானாலும் சேறானாலும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். அவருக்கும் அப்போது ஒரு தலைவலி இருந்தது. தொழிற்சாலைக்குப் பக்கத்தில், சுற்றுலா வருகிறவர்கள் சரிவைப் பார்த்தபடி தேநீர் குடித்துப் படம் பிடித்துக்கொள்ள ஒரு கடை நடத்துகிறார்கள். அங்கே விற்பதற்காகத் தோட்டத்துப் படம் போட்ட எஃகுக் கோப்பைகள் வந்து இறங்கியிருந்தன. திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், குப்பை சேராது என்று பெருமையாக எழுதியிருந்தது. கூடவே வந்த ஸ்ட்ரா மட்டும் பிளாஸ்டிக். அதைக் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்து அம்மையார் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அவரே நேரில் வரப் போகிறார் என்று துரை கலங்கிப் போயிருந்தார்.

நான் மாதிரிக்குக் கொண்டு போயிருந்த மூங்கில் துண்டை மேசைமேல் வைத்து, சுற்றுச்சூழல், வருங்காலத் தலைமுறை என்று காப்பிக் கடைச் சுவரில் எழுதியிருந்த வாசகங்களை எல்லாம் ஒப்பித்தேன். துரை அதை எடுத்து ஒற்றைக் கண்ணில் வைத்து, அதன் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு லா. அந்த மேடம் வர்றப்ப எல்லாருக்கும் இதுலயே குடிக்கக் குடுப்போம். அவங்களுக்குப் புடிச்சிருச்சின்னா, ஸ்ட்ரா செய்யறத தோட்டத்து வேலையாவே போட்டுக்கலாம். ஒன் பேரு செக்ரோல்ல ஏறிரும். அப்பறம் வீட்டப் பத்தி கவலப்பட வேணாம்.”

செக்ரோல் என்பது தோட்டத்து ஆட்களின் பேர்ப் பதிவு. என் பேர் அதில் ஏறினால் வீடு எங்களுக்கு. ஆபீஸ் படியில் இறங்கும்போது என் கால் தரையில் படவில்லை. (பட்டிருந்தால் நல்லது. கடைசிப் படியில் பாசி இருந்தது.)

அம்மா விஷயத்தைக் கேட்டதும் சாமி படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தினார். அப்பாதான் மூங்கிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தண்ணி குடிக்க வாய் இருக்குல்ல. அதுக்கு எதுக்கு ஒரு கொழாயி?” என்று கேட்டார். வருங்காலத் தலைமுறையைப் பற்றி அவரிடமும் ஆரம்பித்தேன். அவர் எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

மூங்கிலைப் பற்றி எனக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் அது பச்சையாக இருக்கும் என்பதுதான். அதற்குச் சுணை உண்டு என்பதை என் உடம்பு சொல்லித் தெரிந்துகொண்டேன். கழுத்து, கை, வெளியே சொல்ல முடியாத இடங்கள் என்று எங்கும் அரிப்பு. ஓடைக்கரையிலிருந்து வீடு வரை சொறிந்துகொண்டே வந்தேன். கணுவுக்குக் கணு அறுத்து, காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டுச் சுத்தம் செய்து, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்தேன். மூங்கில் மூடியின் ஓட்டையைக் கேட்டு வளர்வதில்லை. சிலது ஓட்டைக்குள் நுழையவே மாட்டேன் என்றது, சிலது உள்ளே விழுந்து காணாமல் போனது. கழித்ததெல்லாம் கழித்து ஒரு கூடை தேறியது. முதலில் தேறியவற்றில் நாங்கள் மூவரும் கடுந்தேநீர் குடித்துப் பார்த்தோம். அப்பாகூட ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, மறு வாயும் உறிஞ்சினார். அதை நான் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மையார் வரும் வாரம் மலையில் மூடுபனி இறங்கி உட்கார்ந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் துவைத்த துணி காயாது, அலமாரியில் வைத்த செருப்பில்கூடப் பூசணம் பூக்கும். மூங்கில் எம்மாத்திரம்? ஒரு காலையில் கூடையைத் திறந்தால் ஸ்ட்ராக்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் மீசை முளைத்துக் கிடந்தன. நான் அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். புதிதாக அறுத்துச் செய்ய நேரமில்லை. வீடு போய்விட்டது என்றே நினைத்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மஞ்சள் டப்பாவை எடுத்தார்.

எங்கள் வீட்டில் மஞ்சளுக்கு மிஞ்சிய வைத்தியம் கிடையாது. சளிக்கு மஞ்சள், வெட்டுக்காயத்துக்கு மஞ்சள், பருவுக்கு மஞ்சள், எறும்புப் புற்றுக்கும் மஞ்சள். என் டிப்ளோமாகூட மஞ்சள் தடவிய பிறகுதான் வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டது. படித்தவன் நானாவது யோசித்திருக்க வேண்டும். நானோ, “இயற்கைக் கிருமிநாசினியில் பதப்படுத்தியது” என்று அந்த அம்மையாரிடம் சொல்லலாமே என்று உள்ளுக்குள் மகிழ்ந்து போனேன். தீபாவளிக்குப் பலகாரம் சுடும் பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து, மஞ்சளை அள்ளி அள்ளிப் போட்டு, ஸ்ட்ராக்களை அதில் வேகவைத்தோம். பூசணம் போன இடம் தெரியவில்லை. சாம்பல் மீசை போய், எல்லாம் கோயில் பிரசாதம் மாதிரி பளிச்சென்று வந்தன.

அண்டாவை இறக்கும்போதுதான் அது நடந்தது. நான் ஒரு காது, அம்மா ஒரு காது. அம்மாவின் முழங்கால் மடங்கியது. பாதி மஞ்சள் தண்ணீர் அப்பாவின் தரையில் கொட்டி, கதவோரம் வரை பரவி நின்றது.

நாங்கள் துடைத்தோம். துணி மஞ்சளானது, எங்கள் கை மஞ்சளானது, தரையும் மஞ்சளாகவே இருந்தது. அப்பா வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சவர்க்காரக் கட்டியும் தேங்காய் நாரும் எடுத்துவந்து, முட்டி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். சவர்க்காரம் பட்டதும் மஞ்சள் சிவந்தது. தேய்க்கத் தேய்க்க, ஆரத்தித் தட்டைக் கவிழ்த்த மாதிரி தரை முழுக்கச் சிவப்பு.

“விடுங்க. மஞ்சளும் சவுக்காரமும் சேந்தா அப்படித்தான். தானா போயிரும்,” என்றார் அம்மா.

“போறதுக்குள்ள நாம போயிருவோம்,” என்று சொல்லிவிட்டு அப்பா தேய்ப்பதை நிறுத்தினார்.

மஞ்சள் மேல் சவர்க்காரம் பட்டால் என்ன ஆகும் என்பதை இப்படி என் கண் முன்னாலேயே அப்பா முட்டி போட்டுக் காட்டியிருந்தார். எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஸ்ட்ராக்களைக் குளிர்ந்த தண்ணீரில் அலசிப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. சாயம் போகாது என்று முடிவுகட்டிவிட்டேன். மறுநாள் காலையில் கூடையைக் காணோம். தேடிப்போனால், அப்பா ஸ்ட்ராக்களை லோரியின் முன்கண்ணாடிக்குக் கீழே வரிசையாகப் பரப்பி, எஞ்சின் சூட்டில் காயவைத்துக்கொண்டு கொழுந்து ஏற்றப் போயிருந்தார். மலை முழுக்க அவை அவரோடு சுற்றி வந்து நன்றாகக் காய்ந்தன.

அந்த நாள் வந்தது. திட்டப்படி எல்லாருக்கும் ஐஸ் போட்ட தேநீர்தான் கொடுப்பதாக இருந்தது. அப்படியே கொடுத்திருந்தால் ஒருவேளை நான் இன்றைக்குத் தொழிலதிபர். ஆனால் அன்று பிடித்த மழையில் எதிர்ச் சரிவுகூடத் தெரியவில்லை. அந்த அம்மையார் மெல்லிய பட்டுச் சட்டையில் நடுங்கிக்கொண்டே காரிலிருந்து இறங்கினார். கனிவான சீன அம்மாள். கூட வந்த இரண்டு பேரும் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் துரை ஐஸை எடுத்துவிட்டுச் சுடச்சுடப் பால் தேநீர் ஊற்றச் சொல்லிவிட்டார்.

சுடுபால் மஞ்சளிடம் பேசி வெளியே வரவழைக்கும் என்பது எங்கள் வீட்டில் சளி பிடித்த ஒவ்வொருவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் நான் வருங்காலத் தலைமுறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் உறிஞ்சினார்கள். மேடம் நன்றாக இருக்கிறது, ஏதோ மூலிகை மணம் வருகிறது என்றார். இயற்கைக் கிருமிநாசினி என்றேன். இன்னும் ரசித்து உறிஞ்சினார். துரை எனக்கு மட்டும் தெரியும்படி தலையை ஆட்டினார். தொழிற்சாலை வாசலில் அப்பா லோரியை நிறுத்திவிட்டு மழைக்கு ஒதுங்கி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தேன். செக்ரோலில் என் பேர் பாதி ஏறிவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு துரை ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, மேடம் வாய்விட்டுச் சிரித்தார். பல்லெல்லாம் மஞ்சள். நாக்கும் மஞ்சள். பதிலுக்குச் சிரித்த துரைக்கும் அதே. உதட்டைச் சுற்றி ஒரு வட்டம் வேறு, பூசி விட்ட மாதிரி. ஒருவர் வாயை ஒருவர் பார்த்துச் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. மேடம் காகிதத்தால் உதட்டை ஒற்றினார், காகிதத்தைப் பார்த்தார், முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கழுவும் தொட்டியில் சவர்க்காரக் கட்டி இருந்தது எனக்குத் தெரியும். போகாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

அவர் வெளியே வந்தபோது வெள்ளைத் துண்டை வாயில் அழுத்திப் பிடித்திருந்தார். துண்டு சிவந்திருந்தது. உதட்டிலிருந்து தாடை வரை சிவப்பாக வழிந்தது. கூட வந்தவர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். மூங்கில் சிலாம்பு வாயைக் கிழித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். துரை பதறிப் போய்த் தானும் உள்ளே ஓடிக் கழுவிப் பார்த்தார். திரும்பி வந்தபோது வெள்ளைச் சட்டையின் மார்பெல்லாம் சிவப்பு. தமிழர் வீட்டில் பிறந்து வளர்ந்தவர், எத்தனையோ ஆரத்தியைப் பார்த்தவர். ஆனால் சொந்த வாயிலிருந்து வழியும்போது யாருக்கு ஆரத்தி ஞாபகம் வரும்?

“சார், இது ரத்தம் இல்ல. மஞ்சள்தான். சவுக்காரம் பட்டா செவக்கும்,” என்றேன்.

“மூங்கில் கீறலன்னு ஒனக்கு நல்லாத் தெரியுமா?” என்று கேட்டார் துரை.

நல்லாத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். உப்புத்தாள் தீர்ந்த பிறகு அறுத்த கடைசிக் கொத்து அந்த நேரத்தில் என் கண் முன் வந்து நின்றது. நான் கொஞ்சம் தயங்கினேன். அந்தத் தயக்கம் போதுமானதாக இருந்தது.

அவர்கள் வந்த கார் எண்ணெய் போடக் கீழே போயிருந்தது. நின்றது அப்பாவின் லோரி மட்டும்தான். மேடத்தையும் துரையையும் முன்னால் ஏற்றிக்கொண்டு அப்பா தானா ராத்தா மருத்துவமனைக்கு விட்டார். நான் பின்னால் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில், மழையில் நனைந்துகொண்டு. வளைவுகளில் லோரி திரும்பும்போதெல்லாம் இதோடு மலையிலிருந்து உருண்டுவிட்டால்கூட நல்லது என்று தோன்றியது. வழியெல்லாம் துரை பக்கக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பித் திருப்பிப் பல்லைப் பார்த்துக்கொண்டே வந்ததாகவும், தனக்குப் பின்னால் வரும் வண்டி ஒன்றும் தெரியவில்லை என்றும் அப்பா பிறகு சொன்னார். அவர் அப்போதே துரையிடம் மஞ்சள் என்று சொல்லியிருக்கலாமே என்று அம்மா கேட்டதற்கு, “அவரு கேக்கலயே,” என்றார்.

மருத்துவமனையில் ஒரு இளம் மலாய் டாக்டர். மேடத்தின் உதட்டைப் பஞ்சால் துடைத்து, பஞ்சை மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்து பார்த்தார். “குன்யிட்,” என்றார். மலாயில் மஞ்சள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியதை நானும் பார்த்தேன், துரையும் பார்த்தார்.

அதுதான் எங்களை முடித்தது. ரத்தமாக இருந்திருந்தால் துரை மன்னித்திருப்பார் என்று நான் இன்றும் நம்புகிறேன். விபத்து என்று எழுதிப் போட்டுவிடலாம். சமையல் மஞ்சளுக்காக மேலதிகாரியைக் கொழுந்து லோரியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு வந்ததை எப்படி எழுதுவது? மேடம் என் தோளைத் தட்டி, யோசனை நல்ல யோசனை என்று சொன்னார். துரை என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த சில நாள் அவர் ஆபீஸில் வாயைத் திறக்காமல் தலையாட்டியே வேலை வாங்கினார் என்று கேள்விப்பட்டேன்.

முடிவைச் சொல்லக் கிராணிதான் வந்தார். இந்த முறை உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, அடுப்படியில் அப்பாவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். கடைக்குக் காகித ஸ்ட்ரா வாங்கப் போகிறார்களாம். (கூழாகட்டும்.) சாவி விஷயத்தில் மாற்றம் இல்லை. அப்பா சரி என்றார். இரண்டு பேரும் தரையில் இருந்த சிவப்புக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நல்ல தரைய்யா,” என்றார் கிராணி.

தீபாவளிக்கு அம்மா அதே அண்டாவில் முறுக்கு சுட்டார். யாருக்கும் இறங்கவில்லை. பிறகு அப்பாவின் லோரியிலேயே, அவர் ஓட்டிய கடைசிப் பயணமாக, சாமான்களை ஏற்றிக்கொண்டு தானா ராத்தாவில் கடைகளுக்கு மேல் மாடியில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். புது வீட்டு வாசலில் அம்மா எங்களை நிறுத்திவிட்டு, தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைக்கப் போனார். அப்பா பெட்டியைத் தலையில் வைத்தபடியே நின்றார்.

“அதான் தொரைக்கே எடுத்தாச்சே. இன்னும் யாருக்கு?”

கிராணி முதல் தடவை வந்து போன பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. நாங்கள் மூவரும் படிக்கட்டிலேயே நின்று சிரித்தோம். கீழே கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு எங்கள் சொந்தபந்தத்தில் யாருடைய கல்யாணத்தில் ஆரத்தித் தட்டு வந்தாலும், “வாய மூடிக்கங்க, சேகரு செஞ்சது,” என்று ஒரு குரல் கிளம்பாமல் இருப்பதில்லை. சேகர் நான்தான். தட்டு என்னைத் தாண்டும்போது நானும் சிரித்துவைப்பேன்.

ஆனால் மாடி வீட்டில் அப்பாவுக்கு ஒட்டவில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கடைத் தகரக் கூரை. தரை யாரோ போட்ட ஓடு. அவர் அதைத் தடவியதே இல்லை. கொஞ்ச காலம் கழித்துக் கிராணி பார்க்க வந்தபோது ஒரு செய்தி கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் நேப்பாளத்துப் பையன்கள் சிலரைக் குடிவைத்தார்களாம். அடுப்படியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவும்போதெல்லாம் தரை சிவக்கிறது என்று பயந்து வேறு லயத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறதாம். அப்பா சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும் வரை, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகு, “வெடிப்பு ஏதும் விட்ருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றார் கிராணி. அவர் உள்ளே போய்ப் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

நான் இப்போது கியா பார்ம் சந்தையில் ஒரு ஸ்ட்ராபெரி ஜூஸ் கடையில் வேலை செய்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை, வருகிறவர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஸ்ட்ராவைக் குத்திக் குத்திக் கொடுக்கிறேன். வருங்காலத் தலைமுறை என்னை மன்னிக்கட்டும்.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வாயின் ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டன. டம்ளரை வாயில் வைத்தால் பாதி வெளியே வழிந்து கழுத்து நனைந்துவிடும். அவருக்கு அது பெரிய அவமானம், தலையைத் திருப்பிக்கொள்வார். மூடி போட்ட டம்ளரில் ஸ்ட்ரா வைத்துக் கொடுங்கள் என்று தாதி சொன்னார். காப்பிக் கடை முதலாளி கொடுத்த டம்ளரை அலமாரியிலிருந்து எடுத்தேன். அந்த ஓட்டைக்கென்று எஞ்சியிருந்த மூங்கில் ஸ்ட்ரா ஒன்றும் என்னிடம் இருந்தது. வைத்துப் பார்த்தேன். மூங்கில் வளையாது, படுத்திருக்கிறவர் வாய்க்கு எட்டாது. கடையிலிருந்து வளைகிற பிளாஸ்டிக் ஸ்ட்ராவைத்தான் கொண்டு வருகிறேன்.

தண்ணி குடிக்க வாய் இருக்குல்ல என்று கேட்டவர் அவர். அதை அவருக்கு நான் ஞாபகப்படுத்துவதில்லை. கடை விட்டு வந்ததும் பால் தேநீரை ஆற்றி டம்ளரில் ஊற்றி, ஸ்ட்ராவை வளைத்து அவர் உதட்டருகே பிடிப்பேன். அவர் உடனே குடிக்க மாட்டார். உதட்டை இறுக்கிக்கொண்டு ஸ்ட்ராவைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். நல்லாயிருக்கிற பக்கத்தால், வார்த்தையை இழுத்து இழுத்துக் கேட்பார்.

“மஞ்சள்... போட்டியா?”

“போடலப்பா,” என்பேன்.

அப்புறம்தான் வாயைத் திறப்பார்.